பயிற்சி வேறு, தேர்ச்சி வேறு

இந்தியாவில் குடிமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றித்தான் நடக்கிறது. யாருக்கு உரிமம் கொடுக்கலாம், யாருக்கு மறுக்கலாம்? விண்ணப்பித்தவரின் நடத்தை என்ன, அவர்மீது வழக்கு உண்டா, அவருக்கு உயிர் அச்சுறுத்தல் உண்மையிலேயே இருக்கிறதா? இவை தேவையான வினாக்களே. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடுத்து வரவேண்டிய ஒரு வினா உண்டு. அந்த மனிதருக்கு அக்கருவியைக் கையாளத் தெரியுமா? அதைவிட முக்கியமாக, எப்போது கையாளக் கூடாது என்று தெரியுமா? இவ்வினாவுக்கு நம் சட்டம் விடை சொல்வதுபோல் தோன்றுகிறது. உண்மையில் சொல்லவில்லை என்பதே என் வாதம். அந்தத் தோற்றம் எப்படி உருவாகிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைச் சட்ட வாசகங்களைக் கொண்டே காட்ட முயல்கிறேன். நான் சட்டம் பயின்றவன் அல்லன். மொழியியல் பயின்றவன். ஆனால் சட்டம் சொற்களால் ஆனது; சொற்கள் எதைச் செய்கின்றன, எதைச் செய்யாமல் விடுகின்றன என்று பார்ப்பது என் துறைக்கு உட்பட்ட வேலை.

முதலில் சட்டத்தின் நிலை. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 1878-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டத்தின் இடத்தில் வந்தது. அதன் 13-ஆம் பிரிவின்படி, விண்ணப்பம் வந்ததும் உரிமம் வழங்கும் அதிகாரி அருகிலுள்ள காவல் நிலையத்திலிருந்து அறிக்கை பெறுகிறார். 14-ஆம் பிரிவு மறுப்புக்கான காரணங்களைச் சொல்கிறது: மனநலக் குறைபாடு, சட்டத் தடை, பொது அமைதிக்குக் கேடு முதலியன. அதே பிரிவில் கவனிக்கத்தக்க ஒரு நல்ல வாசகமும் இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது அது. ஆக, சொத்து வேண்டாம், நடத்தை வேண்டும். திறமை? அதைப் பற்றிச் சட்டத்தின் இவ்விரு பிரிவுகளும் வெளிப்படையாக எதுவும் பேசவில்லை.

2016-இல் வெளியான படைக்கல விதிகளில்தான் பயிற்சி தனி விதியாக இடம்பெற்றது. உரிமம் கோருபவர் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும் என்கிறது 10-ஆம் விதி. பாதுகாப்பாகக் கையாளும் முறை, சுடும் முறை, கருவியையும் தோட்டாவையும் பேணுதல், பாதுகாப்பாக வைத்தலும் எடுத்துச் செல்லுதலும் எனப் பாடத்தலைப்புகளை அது அடுக்குகிறது. படித்துப் பார்த்தால் நிறைவாகவே இருக்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம்? எத்தனை தோட்டாக்கள் சுட்டுப் பழக வேண்டும்? எவ்வளவு தொலைவிலிருந்து? எத்தனை மதிப்பெண் பெற்றால் தேறியவர், எத்தனை பெற்றால் தவறியவர்? இவற்றுக்கு எண் எதுவும் விதியில் இல்லை. தலைப்புகள் உள்ளன, அளவுகோல் இல்லை.

இதே 2016 விதிகள் இன்னொன்றையும் கட்டாயமாக்குகின்றன. பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துச் செல்பவர் அதை உறையிலோ பையிலோ வைத்து முழுவதும் மூடி மறைத்தே செல்ல வேண்டும். அது அவருடைய முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நியாயமான விதிதான். துப்பாக்கியைக் காட்டி மிரட்டும் பழக்கத்தைத் தடுக்க அது உதவும். ஆனால் அதன் விளைவை யோசியுங்கள். பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதே சட்டம். எனக்குத் தெரியாத ஆபத்தின் பொறுப்பை என் சார்பில் ஏற்றுக்கொண்டிருப்பது அரசு. 'அவரிடம் துப்பாக்கி இருப்பது உனக்குத் தெரிய வேண்டாம், நான் சோதித்துவிட்டேன்' என்று அரசு எனக்குச் சொல்வதற்கு ஒப்பானது அது. எதைச் சோதித்தது என்று கேட்கும் உரிமை எனக்கு அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இங்கே மொழியியல் வருகிறது. ஜே. எல். ஆஸ்டின் என்ற மெய்யியலாளர், சில கூற்றுகள் செய்தியைச் சொல்வதில்லை, செயலையே நிகழ்த்துகின்றன என்று காட்டினார். 'உரிமம் வழங்கப்படுகிறது' என்பது அத்தகைய கூற்று. அதைச் சொல்லும் நொடியில் ஒரு மனிதரின் நிலை மாறுகிறது. ஆனால் அத்தகைய கூற்று செல்லுபடியாவதற்குச் சில முன்நிபந்தனைகள் நிறைவேறியிருக்க வேண்டும். நம் விதி வைக்கும் முன்நிபந்தனையின் வினைச்சொல் 'முடித்தல்'. இன்னார் இவ்வகுப்பை முடித்தார் என்பதே சான்றிதழின் சாரம். முடித்தல் என்பது காலத்தைப் பற்றிய சொல். வகுப்பு தொடங்கியது, முடிந்தது, இவர் இருந்தார். வல்லமை என்பது நிலையைப் பற்றிய சொல். இவருக்கு இது இயலும். முதலாவதிலிருந்து இரண்டாவது தானாகப் பிறக்காது.

தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்லத் தனிக் கலைச்சொல் தேடவேண்டியதில்லை. 'பயில்' என்பதிலிருந்து பயிற்சி. 'தேர்' என்பதிலிருந்து தேர்ச்சி. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்த வேறுபாடு தெரியும். ஓராண்டு முழுவதும் வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் தேர்ச்சி பெறுவதில்லை. துப்பாக்கி விஷயத்தில் மட்டும் பயிற்சியையே தேர்ச்சி என்று எண்ணிக்கொள்கிறோம். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே உரிமம் கிடைக்கும் முன் தகுதித்திறன் சான்றிதழ் என்ற தனி ஆவணம் வேண்டும். சட்ட அறிவுத் தேர்வும் செய்முறைத் தேர்வும் அதற்கு நிபந்தனை. துப்பாக்கியை அரசியலமைப்பு உரிமையாகக் கொண்டாடும் அமெரிக்காவில்கூட, 2022-இல் உச்சநீதிமன்றம் நியூயார்க் மாநிலத்தின் பழைய உரிம நிபந்தனையை நீக்கியபோது, அம்மாநிலம் இயற்றிய புதிய சட்டம் 16 மணி நேர நேரடி வகுப்பு, 2 மணி நேரச் சுடும் பயிற்சி, எழுத்துத் தேர்வில் 80 விழுக்காடு என்று எண்களைப் போட்டது. அந்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமமே தேவையில்லை என்பதும் உண்மை. அந்த நாட்டை முன்மாதிரியாகச் சொல்லவில்லை. எண்ணைக் குறிப்பிட்டு விதி எழுதுவது இயலாத காரியம் அன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

துப்பாக்கி உரிமம் என்றால் நம் நினைவுக்கு வருவோர் அரசியல்வாதிகள், நிலக்கிழார்கள், திரைப்பட நடிகர்கள். ஆனால் நம் நகரங்களில் நாள்தோறும் நாம் கண்ணால் காணும் குடிமகன் துப்பாக்கி, வங்கி வாசலில் நிற்கும் தனியார் பாதுகாவலரின் தோளில் தொங்கும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கிதான். அவர் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர்; படைவீரரும் அல்லர். சட்டத்தின் கண்ணில் அவரும் உரிமம் பெற்ற ஒரு குடிமகனே. அவருக்கான பயிற்சி என்ன?

2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் நடுவண் அரசு 2006-இல் மாதிரி விதிகளை வகுத்தது. அங்கே எண்களுக்குப் பஞ்சமில்லை. குறைந்தது 100 மணி நேர வகுப்பறைப் பாடம், 60 மணி நேரக் களப் பயிற்சி, 20 வேலை நாட்களுக்குக் குறையாமல். முன்னாள் படைவீரருக்கும் காவலருக்கும் சுருக்கப் பயிற்சி: 40 மணி நேரமும் 16 மணி நேரமும், 7 வேலை நாட்கள். உயரம் 160 சென்டிமீட்டர். மார்பளவு 80 சென்டிமீட்டர், விரிந்தால் 4 கூட வேண்டும். ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓட வேண்டும். ஆங்கில எழுத்துகளைப் படிக்கத் தெரிய வேண்டும். இவ்வளவும் நுணுக்கமாக அளக்கப்பட்டிருக்கின்றன. பாடப்பட்டியலில் துப்பாக்கியைக் கையாளுதல் என்ற பாடமும் இருக்கிறது. அதன் அருகில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்: விருப்பப்பாடம்.

இந்த அடைப்புக்குறியை ஆய்வு நண்பர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். எல்லாப் பாதுகாவலரும் துப்பாக்கி ஏந்துவதில்லை, ஆகவே எல்லாருக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பது விதி எழுதியவர்களின் எண்ணமாக இருந்திருக்கலாம். அப்படியானால் அதே பட்டியலில் வண்டி ஓட்டும் பாடத்தைப் பாருங்கள். கவச வண்டி ஓட்டுநருக்குக் கட்டாயம், மற்றவருக்கு விருப்பம் என்று அங்கே பிரித்து எழுதியிருக்கிறார்கள். வண்டிக்குச் செய்யத் தெரிந்த பிரிவினையைத் துப்பாக்கிக்குச் செய்யவில்லை. 'ஆயுதம் ஏந்துவோருக்குக் கட்டாயம்' என்று மூன்றே சொற்கள் போதும். அவை எழுதப்படவில்லை.

என் ஊர் கோலார் தங்கவயல். 2018-இலும் 2022-இலும் வந்த திரைப்படங்களுக்குப் பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாலே கேட்பவர் மனத்தில் இயந்திரத் துப்பாக்கிதான் தோன்றுகிறது. எங்கள் ஊரின் உண்மையான கதையில் இருப்பது வெடிமருந்து. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது முதல் 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை, மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய சாம்பியன் ரீஃப் உள்ளிட்ட சுரங்கங்களில் ஒவ்வொரு நாளும் பாறை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தலித் மக்கள். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர்.

அங்கே யார் வேண்டுமானாலும் திரிக்குத் தீ வைத்துவிட முடியாது. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளும் வெடிவைப்போருக்கென்றே ஒரு சான்றிதழை வகுத்தன. சுரங்க மேலாளருக்குச் சான்றிதழ் இருப்பதுபோல், தூக்கு எந்திரம் இயக்குபவருக்கு இருப்பதுபோல், வெடி வைக்கும் தொழிலாளிக்கும் சான்றிதழ். அதைத் தேர்வாளர் முன் நின்று பெற வேண்டும். துளையில் மருந்து எவ்வளவு, எச்சரிக்கை எப்படி, வெடிக்காமல் போன துளையை எப்படி அணுகுவது என்று கேட்பார்கள். என் தாத்தா இவற்றுக்கெல்லாம் தமிழில் வாயால் விடை சொல்லித் தேறினார் என்பது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. 1966-ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் புதிதாகச் சேருவோருக்கான பயிற்சியோடு நில்லாமல், வேலையில் இருப்போருக்கு மறுபயிற்சியையும் விதித்தன. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை உடல் பரிசோதனையும் உண்டு.

இவையெல்லாம் நிறுவனத்தின் கருணையால் வந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. பாறை வெடிப்பிலும் விபத்திலும் இறந்தவர்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, தொழிற்சங்கங்கள் போராடப் போராட வந்தவை. எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டன என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கொள்கை அங்கே நிலைநாட்டப்பட்டது: ஆபத்தான கருவியைக் கையில் எடுப்பவன், தனக்குத் தெரியும் என்பதை முதலில் வேறொருவரிடம் நிறுவ வேண்டும், அதற்குப் பின்னும் அவ்வப்போது நிறுவிக்கொண்டிருக்க வேண்டும்.

சுரங்கம் மூடிய பிறகு அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்குப் போகிறார்கள். கட்டட வேலை, துப்புரவு வேலை, கடை வேலை, 'செக்யூரிட்டி' வேலை. தாத்தா வெடிமருந்தைத் தொடுவதற்குத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பேரன் தோட்டாவைத் தொடுவது விருப்பப்பாடம். ஐம்பது ஆண்டுகளில் பாதுகாப்பைப் பற்றிய நம் அறிவு முன்னே போயிருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அது பின்னே போயிருக்கிறது. காரணம் எளிது. சுரங்கத்தில் வெடி தவறினால் உற்பத்தி நின்றது. சங்கம் கேள்வி கேட்டது. வங்கி வாசலில் துப்பாக்கி தவறினால், வழக்கு அந்தப் பாதுகாவலர்மீது பதியப்படும். முகமை வேறோர் ஆளை அனுப்பும்.

வழக்கைப் பற்றிப் பேசுவதானால், சட்டம் அந்தப் பாதுகாவலரிடம் எதிர்பார்ப்பது என்ன என்றும் பார்த்துவிடுவோம். பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசுகின்றன. சொத்தைக் காக்க ஒருவர் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாமா? வழிப்பறியோ கொள்ளையோ என்றால் போகலாம். வெறும் திருட்டு என்றால், உயிருக்கோ உடலுக்கோ கொடுங்கேடு நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க நிலை இருந்தாலன்றிப் போகக் கூடாது. ஏடிஎம் எந்திரத்தை உடைத்துவிட்டு ஓடும் ஒருவனை முதுகில் சுடலாமா கூடாதா என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. அன்றாடத் தமிழில் இரண்டுக்கும் 'திருட்டு' என்ற சொல்லையே புழங்குகிறோம். சட்டத்தமிழ் பிரித்துவைக்கும் சொற்களைப் பேச்சுத்தமிழ் பிரிப்பதில்லை. அந்த வேறுபாட்டைக் கற்றுக்கொடுக்காமல் ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது, அவரைக் கொலை வழக்குக்கு ஆயத்தப்படுத்துவதாகும். 44-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. உயிருக்கு ஆபத்தான தாக்குதலில், அப்பாவி ஒருவருக்கு ஊறு நேராமல் தற்காத்துக்கொள்ள முடியாத நிலையிலும் அவ்வுரிமை நீடிக்கும் என்கிறது அது. நீதிபதிகள் பக்கம் பக்கமாக விவாதிக்கும் இந்தக் கேள்வியை ஒரு பாதுகாவலர் இரண்டு நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். விசையை இழுக்கும் விரலைப் பழக்குவது பயிற்சியின் சிறு பகுதி. இழுக்காமல் இருக்க மனத்தைப் பழக்குவதுதான் பெரும்பகுதி.

அந்தப் பாடம் எந்த மொழியில் நடக்கிறது? விதி கேட்பது ஆங்கில எழுத்தறிவை. அடையாள அட்டையைப் பார்த்துப் படிப்பதற்கு அது உதவும். தற்காப்புரிமையின் எல்லையைப் புரிந்துகொள்ள உதவாது. மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புத் திட்டத்தின்படி, ஒரு மாவட்டத்திலோ அதன் உட்பிரிவிலோ 15 விழுக்காட்டினர் பேசும் மொழியில் முக்கியமான விதிகளும் அறிவிப்புகளும் மொழிபெயர்த்து வெளியிடப்பட வேண்டும். தமிழர் பெருந்தொகையினராக வாழும் தங்கவயலில் அந்த வாக்குறுதி உயிரைக் காக்கும் விதிகளுக்காவது பொருந்த வேண்டும். சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை நடத்தி அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக வெளியிட்ட ஊர் இது. இவர்கள் படிக்க விரும்பாதவர்கள் அல்லர். படிக்கவேண்டியது அவர்களுடைய மொழியில் அவர்கள் கைக்கு வருவதில்லை.

இனி, என் வாதத்துக்கு எதிராக எழக்கூடிய மறுப்புகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மறுப்பு: இந்தியாவில் கொலைகள் நடப்பது கள்ளத் துப்பாக்கிகளால்தான்; உரிமம் பெற்றவரை ஏன் வாட்ட வேண்டும்? 2017 செப்டம்பரில் பெங்களூரில் கௌரி லங்கேஷைக் கொன்றது நாட்டுக் கைத்துப்பாக்கி என்றே புலனாய்வு கூறியது. ஆம், கள்ளத் துப்பாக்கி பெருங்கேடு. ஆனால் பயிற்சித் தரம் கொலைகாரரைத் தடுப்பதற்கான கருவி என்று யாரும் சொல்லவில்லை. அது கவனக்குறைவைத் தடுப்பதற்கானது. 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் நடிகர் கோவிந்தா தம்முடைய உரிமம் பெற்ற ரிவால்வர் வெடித்துக் காலில் குண்டு பாய்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வசதியும் ஆலோசகர்களும் உள்ள ஒருவருக்கே இது நேர்கிறது. திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுட்டு விருந்தினரைக் கொல்லும் கொடுமை வடமாநிலங்களில் அளவு மீறிப் போனதால்தான், 2019 திருத்தம் கொண்டாட்டச் சூட்டுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதித்தது. தண்டனையை எண்ணில் எழுதிய நாடாளுமன்றம், அந்நிலை வராமல் காக்கும் பயிற்சியை எண்ணில் எழுதக் கேட்கவில்லை.

இரண்டாவது மறுப்பு: பாதுகாவலருக்குத் துப்பாக்கி உடனடித் தேவை, தேர்வு வைத்துத் தாமதப்படுத்தலாமா? 2025 ஜனவரியில் பீதரில் ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுவந்தவர்கள்மீது பட்டப்பகலில் சுட்டுப் பணப்பெட்டியைக் கொள்ளையடித்ததை நாடே பார்த்தது. அந்த அச்சம் மெய்யானது. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது. தெருவில், மக்கள் நடுவில், பதற்றத்தில் சுட நேரும் ஒருவருக்குப் பயிற்சி குறைவாகத் தேவையா, கூடுதலாகத் தேவையா? முன்னாள் படைவீரர் என்பதும் முழு விடை ஆகாது. எல்லையில் எதிரியை நோக்கிச் சுடக் கற்றவர், வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்களுக்கு நடுவே சுடாமல் இருக்கக் கற்பது வேறு பாடம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. நான் மதிக்கும் தோழர்கள் எழுப்புவது. தரம் என்று நீ சொல்வது நடைமுறையில் ஏழைகளையும் தலித்துகளையும் வெளியே நிறுத்தும் இன்னொரு கதவாகிவிடும். ஆதிக்க சாதியினர் வீட்டில் துப்பாக்கி ஏற்கெனவே தொங்குகிறது என்கிறார்கள் அவர்கள். வரலாறு இவர்கள் பக்கம் பேசுகிறது. 1878-ஆம் ஆண்டின் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியரின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தது. எங்கள் தங்கவயலிலேயே ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பணியாளர்கள் தொண்டர் துப்பாக்கிப் படையாகத் திரட்டப்பட்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் கையில் இருந்தது துளைக்கருவி.

இருந்தும் இம்மறுப்பை நான் ஏற்கவில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, மூன்றாம் விதியைப் படியுங்கள். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை நீக்கவும், தேவையெனில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கவும் அது மாநில அரசுக்குச் சொல்கிறது. நம் சட்டப் புத்தகத்தில் இதைவிடத் துணிச்சலான வாசகங்கள் குறைவு. ஆனால் பயிற்சி இல்லாத உரிமம் அந்த மக்களுக்குப் பாதி உரிமைதான். துப்பாக்கி தவறி வெடித்தால், தற்காப்பின் எல்லை ஓரங்குலம் மீறப்பட்டால், யார்மீது சட்டம் முழு வேகத்தில் பாயும் என்பது நமக்குத் தெரியாததன்று. தேர்ச்சிச் சான்று என்பது அவர்களைத் தடுக்கும் கதவாக இருக்க வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் அவர்கள் கையில் இருக்கும் கேடயமாகலாம். அதற்கு ஒரே நிபந்தனை, பயிற்சியின் செலவை அரசு ஏற்பது. சொத்தில்லை என்பதற்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்லுமானால், கட்டணம் கட்ட இயலவில்லை என்பதற்காகப் பயிற்சியை மறுக்கக் கூடாது என்பது அதன் இயல்பான நீட்சி.

இங்கே கர்நாடகத்துக்கே உரிய ஒரு வழக்கையும் தொட வேண்டும். குடகின் கொடவ இனத்தாரும் ஜம்மா நில உடைமையாளரும் துப்பாக்கிக்கு உரிமம் பெறும் தேவையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். 1861-ஆம் ஆண்டின் ஆங்கிலேய அறிவிக்கையில் வேர் கொண்டது இது. 2019-இல் நடுவண் அரசு இதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் செல்லும் என்றது. அம்மக்களின் பண்பாட்டில் துப்பாக்கிக்கு உள்ள இடத்தை நான் எள்ளவில்லை. ஆனால் பயிற்சி நிபந்தனை உரிமத்தோடு கட்டப்பட்டிருப்பதால், உரிமத்திலிருந்து விலக்கு என்பது பயிற்சியிலிருந்தும் விலக்காகிவிடுகிறது. பிறப்பு வல்லமைக்குச் சான்றாக நிற்கிறது. வீர இனம் என்று சிலரை வகுத்த காலனிய இனவியலின் எச்சம் இது. குலம் எதுவானாலும் தோட்டா ஒரே வேகத்தில்தான் போகிறது.

நான்காவதாக, தனிமனித உரிமையின் பெயரால் வரும் மறுப்பு. துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை அன்று. 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் கள்ளத் துப்பாக்கிகள் குறித்துத் தானாக எடுத்துக்கொண்ட விசாரணையில், அமெரிக்காவிலிருந்து நாம் வேறுபடும் இடம் இது என்பதைச் சுட்டிக்காட்டியது. அரசின் இசைவால் வரும் சலுகைக்கு அரசு நிபந்தனை விதிப்பதில் முரண் ஏதுமில்லை. வண்டி ஓட்டக்கூட முதலில் பழகுநர் உரிமம், பிறகு 30 நாள் காத்திருப்பு, பிறகு ஆய்வாளர் முன் ஓட்டிக் காட்டுதல் என்று வரிசை வைத்திருக்கிறோம். அதில் ஊழல் உண்டு என்பதால் தேர்வே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கிறேன்.

1. 10-ஆம் விதியில் எண்கள் வேண்டும். குறைந்தபட்ச மணி நேரம், குறைந்தபட்சத் தோட்டா எண்ணிக்கை, தேர்ச்சி மதிப்பெண்.

2. பயிற்றுவிப்பவரே தேர்வாளராக இருக்கக் கூடாது. சான்றிதழ் 'முடித்தார்' என்று சொல்வதை நிறுத்தி, 'தேர்ந்தார்' என்று சொல்ல வேண்டும்.

3. 2019 திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் செய்முறைத் தேர்வும் கண், நரம்பு, மனநலப் பரிசோதனையும் மீண்டும் நடைபெற வேண்டும்.

4. தனியார் பாதுகாவலர் விதிகளில் ஆயுதம் ஏந்தும் ஒவ்வொருவருக்கும் துப்பாக்கிப் பயிற்சி கட்டாயம் என்று எழுதப்பட வேண்டும். செலவு முகமையுடையது; பயிற்சி நாட்களுக்கு ஊதியம் உண்டு.

5. பாடமும் தேர்வும் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று அந்தந்தப் பகுதி மக்கள் பேசும் மொழியில் நடக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு இடம் வேண்டும். தற்காப்புரிமையின் எல்லை பாடத்தின் நடுவில் இருக்க வேண்டும். இறுதி மணி நேரத்தில் ஒப்புக்குச் சொல்லி முடிக்கும் பகுதியாக இருக்கக் கூடாது.

6. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்கீழ் உரிமம் பெறுவோருக்குப் பயிற்சி முழுவதும் அரசுச் செலவில் அமைய வேண்டும்.

7. உரிமம் பெற்ற துப்பாக்கிகள் தவறி வெடித்த நிகழ்வுகள் மாவட்ட வாரியாகத் தொகுக்கப்பட்டு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். சுரங்க விபத்துகளுக்குக் கணக்கு வைக்கும் மரபு இந்நாட்டில் இருக்கிறது, இதற்கும் வைக்கலாம்.

இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. தங்கவயலில் வெடிமருந்துக்கு ஏற்கெனவே இருந்த ஒழுங்கைத் தோட்டாவுக்கும் கேட்கிறேன், அவ்வளவே. சட்டத் துறை ஆய்வாளர்கள் நான் விதிகளைப் படித்த முறையில் குறை கண்டால் வாதத்தோடு மறுக்கட்டும், வரவேற்கிறேன். தொழிலாளர் ஆய்வில் ஈடுபடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பல்கலைக்கழக வாசலிலோ அருகிலுள்ள வங்கியிலோ துப்பாக்கியோடு நிற்கும் அந்த மனிதரிடம் அவருடைய மொழியில் கேளுங்கள்: கடைசியாக எப்போது சுட்டுப் பழகினீர்கள் ஐயா? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டிருக்கும் அவரிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வியாக அது இருக்கக்கூடும். அவர் சொல்லும் விடைகளைத் தொகுத்தால், நாடாளுமன்றம் எண்களை எழுதத் தேவையான முதல் ஆவணம் நம் கையில் இருக்கும்.